சூளைப் புகை படும் புல்லை மாட்டுக்கு வெட்டிப் போடலாமா?

கேள்வி: எங்கள் வளவுக்குத் தென்மேற்கே செங்கல் சூளை ஒன்று எரிகிறது. சோளகக் காற்று தொடங்கிய பிறகு மாவிலைகளின் நுனி கருகுகிறது. வேலியோரம் நட்ட கோ-3 புல் செழிப்பாகவே நிற்கிறது. அதைப் பால் மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் வெட்டிப் போடலாமா? பாலுக்குப் பழுது வருமா? (முல்லைத்தீவு மாவட்ட வாசகர்)

பதில்: மாவிலை உங்களை விழிக்க வைத்தது நல்லது. ஆனால் எனக்குக் கூடுதல் கவலை தருவது செழிப்பாக நிற்கும் அந்தப் புல்தான்.

களிமண்ணில் இயல்பாகவே புளோரைட்டு உண்டு. சூளை செந்தணலாகும்போது அது ஐதரசன் புளோரைட்டு வாயுவாகப் புகையுடன் வெளியேறுகிறது. இலைத்துளைகள் வழியே நுழைந்து, இலைக்குள் ஓடும் நீரோடு நுனிக்கும் விளிம்புக்கும் போகிறது. அங்கே நீர் ஆவியாகிவிடும், புளோரைட்டு தங்கிவிடும். நுனி முதலில் கருகுவது இதனால்தான். மாமரம் இதைத் தாங்காது. புல்லினங்கள் பலவும் தாங்கும், தாங்கிக்கொண்டே உள்ளே சேர்த்து வைக்கும். போதாததற்குப் புகையோடு வரும் தூசியும் இலைமேல் படியும்.

கருகிய மாவிலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே செங்கபிலக் கோடு ஒன்று துலக்கமாக ஓடினால் புளோரைட்டைச் சந்தேகிக்கலாம். பொட்டாசியக் குறைவிலும் உவர் நீரிலும் நுனி கருகுவதுண்டு. எனவே சூளைக்கு மறுபுறம், புகை படாத மரங்களையும் போய்ப் பாருங்கள். அவை நலமாக நின்றால் சந்தேகம் வலுக்கும்.

மாசுபடாத புல்லில், உலர் நிறையில், கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாகவே புளோரைட்டு இருக்கும். பால் மாட்டின் முழுத் தீவனத்திலும் நீண்ட காலத்துக்கு உலர் நிறையில் கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான எல்லை. நாளுக்கு 6 கிலோ உலர் தீவனம் தின்னும் மாட்டுக்கு அந்த எல்லையில் 240 மில்லிகிராம் போய்ச் சேரும். இத்துடன் கிணற்று நீரையும் கணக்கில் சேருங்கள். வவுனியாப் பகுதியின் சில கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லையான லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலும் புளோரைட்டு உண்டு. அந்த அளவுள்ள நீரை 30 லீற்றர் குடித்தால் இன்னும் 45 மில்லிகிராம். கோடையில் மாடு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். புல் வளராமல் நிற்கும். கழுவிவிட மழையும் இராது. சூளை வேலை மும்முரமாக நடப்பதும் அப்போதுதான்.

இதில் முதலில் பழுதாவது கன்றுகள். நிலைப்பற்கள் உருவாகும் பருவத்தில் மிகுதியான புளோரைட்டு சேர்ந்தால் பற்கள் கபிலக் கறையோடு முளைத்து, ஒழுங்கற்றுத் தேயும். பிறகு அதைச் சீராக்க வழியே இல்லை. வளர்ந்த மாட்டில் எலும்பில் சேர்ந்து, ஆண்டுகள் போகப் போக நொண்டவைக்கும். தீனி குறையும், பாலும் குறையும். ஆகவே கன்றுகளுக்கும் நாகுகளுக்கும் அந்தப் புல்லைப் போடவே வேண்டாம். பாலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மாடு உட்கொள்ளும் புளோரைட்டில் மிகச் சிறிதே பாலுக்குள் போகும்.

பால் மாடுகளுக்கும் சூளை எரியும் காலத்தில் புகை படாத இடத்துப் புல்லையோ, காலபோக அறுவடையில் எடுத்து மூடி வைத்த வைக்கோலையோ கொடுங்கள். புல்லைக் கழுவினால் தூசி போகும், உள்ளே சேர்ந்தது போகாது. சூளை ஓய்ந்து மழை விழுந்ததும் பழைய புல்லை அடியோடு வெட்டி அகற்றுங்கள். புதிதாகத் துளிர்ப்பதை மாடு தின்னலாம், ஏனென்றால் மண்ணில் விழுந்த புளோரைட்டு பெரும்பாலும் மண்ணோடு பிணைந்துவிடுகிறது, வேர் கொஞ்சமே எடுக்கும். எப்பாவலப் பொஸ்பேற்றுத் தூளைக் கனிப்பொருள் என்று மாட்டுக்கு வைக்காதீர்கள். அது உரம், அதிலும் புளோரைட்டு இருக்கிறது.

வீட்டுக்குப் பறிக்கும் கீரையைப் புகை படாத பக்கத்தில் பயிரிடுங்கள். கச்சான், பயறு, நெல் போன்றவற்றின் விதைகளில் சேர்வது மிகக் குறைவு.

புல்லில் எவ்வளவு புளோரைட்டு சேர்ந்திருக்கிறது என்று அறியப் பரிசோதனைக்குக் கொடுப்பதானால், அந்தப் புல்லைக் கழுவ வேண்டாம். மாடு தின்னும் நிலையிலேயே இருக்கட்டும். புகை படாத இடத்துப் புல்லையும் கிணற்று நீரையும் தனித்தனியாகச் சேர்த்துக் கொடுங்கள். கன்றுகளின் பற்களைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். சூளைக்காரரோடும் பேசுங்கள். களிமண்ணில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்தால் புளோரைட்டின் ஒரு பகுதி செங்கல்லிலேயே தங்கிவிடும். அவர் மறுத்தால், சூளைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பிரதேச சபையில் எழுத்து மூலம் கேளுங்கள்.