கோடைத் தொடக்கத்தில் கரைத் தூண்டில்: மீன் உங்கள் காலடிக்கு அருகில்தான் இருக்கிறது

கேள்வி: கோடை தொடங்கியதிலிருந்து மணற்கரையில் நின்று தூண்டில் போடுகிறேன். காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை, கை வலிக்கும் அளவுக்குத் தூரமாக எறிகிறேன். முள்ளில் குத்திய இறால் காணாமல் போகிறது, மீன் மாட்டுவதில்லை. ஈயமும் அலையில் உருண்டு கரைக்கே வந்துவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள், அடுத்து தூரத்தைக் குறையுங்கள். ராடும் (தூண்டில் கோல்) ரீலும் (தூண்டில் நூலைச் சுற்றும் உருளை) அப்படியே இருக்கட்டும்.

வெயில் ஏறிய பிறகு கரையோர ஆழமற்ற நீர் வேகமாகச் சூடாகும். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. அதோடு தெளிந்த நீரில் வெளிச்சமும் கூடினால் பெரிய மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து வெயில் சுள்ளென்று அடிக்கும் வரையிலும், மாலை மங்கலிலும் அது கரையை ஒட்டி இரை தேடும். இந்த நேரம் ஏற்றத்தோடு, அதாவது கடல்நீர் கரையேறும் பொழுதோடு, சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். உச்ச ஏற்றத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரமும் பிந்தைய ஒரு மணி நேரமும் நல்லவை. உச்ச ஏற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் இந்த வாரம் விடியலில் வந்த ஏற்றம் அடுத்த வாரம் நடுப்பகலில் நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் நகரும். அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும்.

எங்கே எறிவது என்பதை வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும்போது, போய்ப் பார்த்து வையுங்கள். அலை வெள்ளையாக உடையும் இடத்தில் மணல்திட்டு இருக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே அலை உடையாமல், நிறம் சற்று இருண்டு ஓடும் நீளமான பள்ளம் தெரியும். அலை கிளறிவிடும் நண்டு, புழு, சிப்பி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கிழங்கான், பன்னா, சிறு பாரை போன்றவை அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் மேயும். பல மணற்கரைகளில் அது 20 முதல் 40 மீட்டருக்குள் இருக்கும். நீங்கள் எறிவது அதைத் தாண்டித் திட்டின் மேல் விழுகிறது என்பதே என் கணிப்பு. இரை போவதும் ஈயம் உருளுவதும் அதோடு பொருந்துகின்றன. இருபது நிமிடத்தில் அசைவே இல்லையென்றால் முப்பது நாற்பது அடி தள்ளிப் போய் எறியுங்கள்.

ஈயம் உருளுவதற்கு எடை மட்டும் காரணமல்ல, வடிவமும் காரணம். உருண்டை ஈயம் மணலில் நிற்காது. 80 முதல் 120 கிராம் வரையிலான பிரமிடு ஈயமோ, மணலைப் பற்றும் கம்பிகள் நீட்டிய கம்பிக்கால் ஈயமோ போடுங்கள். எடையைக் கூட்டினால் முன்பக்கம் தடித்த லீடர் நரம்பு (ரீலில் உள்ள நரம்பின், அதாவது தூண்டில் நூலின், நுனியில் சேர்த்துக் கட்டும் தடித்த துண்டு) கட்டாயம் வேண்டும். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் நரம்பு என்பது கணக்கு. 100 கிராமுக்கு 35 முதல் 40 பவுண்டு. லீடரின் நீளம் ராடைப்போல் இரு மடங்கும், அதற்கு மேல் ரீலில் ஐந்தாறு சுற்றும் இருக்க வேண்டும். இது இல்லாமல் வேகமாக எறிந்தால் நரம்பு அறுந்து ஈயம் பறக்கும்; பக்கத்தில் நிற்பவரின் தலையை உடைக்கும் வேகம் அதற்கு உண்டு. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உரசல் சூட்டில் நைலான் பலம் இழந்துவிடும்.

இறாலைத் தின்பவை பெரும்பாலும் நண்டும் பொடிமீனும். மென்மையான இறால் எறியும் வேகத்திலேயே கழன்று போவதும் உண்டு. ஓட்டை உரித்து, கல்லுப்பில் புரட்டி, வடியும் நீரைக் கொட்டிவிட்டு ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் சதை கெட்டியாகும். வால் பக்கமிருந்து முள்ளில் கோர்த்து, மெல்லிய எலாஸ்டிக் நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். முள் முனை கட்டாயம் வெளியே தெரிய வேண்டும். பெரிய இரையை அப்பி முனையை மூடுவதுதான் கடி விழுந்தும் மீன் மாட்டாமல் போவதற்கு முக்கியக் காரணம். நண்டு தொல்லை ஓயவில்லையா? ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆறேழு சென்டிமீட்டர் நீளத்தில் கணவாய்ப் பட்டை போடுங்கள். முள்ளைத் தாங்கும் கிளை நரம்பில் முள்ளுக்குச் சற்று மேலே சிறு மிதவை மணி ஒன்றைக் கோர்த்தால் இரை தரையை விட்டு எழும்பி நிற்கும்.

வட்ட முள் (முனை உள்நோக்கி வளைந்தது) என்றால் ராடை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நரம்பு இறுகி ராடு வளைந்ததும் நிதானமாகச் சுற்றினால் போதும், முள் வாயோரத்தில் தானே மாட்டும். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள்.

மணல்திட்டு அறுபட்டிருக்கும் இடைவெளியில் நீர் கடலை நோக்கி இழுக்கும். அதன் ஓரம் மீனுக்கு நல்ல இடம், ஆனால் இறங்கி நிற்கக் கூடாது. இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தே நகருங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிவிடும். கெளுத்தியை வெறுங்கையில் பிடிக்காமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். திருக்கை, கெளுத்தியின் உடல் முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், குத்துபட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீருக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.