எழுத்துரு: கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி விழா டி-ஷர்ட்டுக்குப் பழைய அமெரிக்க சுவரொட்டி பாணியில் தடித்த ஸ்லாப் செரிஃப் (பட்டையான பாதம் கொண்ட) ஆங்கில எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம். கணினியில் அருமையாக இருந்தது. துணியில் சின்ன ‘ஏ’, சின்ன ‘ஈ’, பெரிய ‘பி’ ஆகியவற்றின் ஓட்டைகள் அடைபட்டுவிட்டன. ஏன்?

பதில்: இந்த எழுத்துகள் தெருவின் எதிர்ப்புறத்தில் நடப்பவர் கண்ணில் படுவதற்காகப் பிறந்தவை. அடியிலும் தலையிலும் கட்டையான பட்டைப் பாதம், பருத்த கால்கள், நடுவே குறுகிய வெள்ளை. சுவரொட்டி அளவில் ஈயத்தில் வார்த்தால் எடை தாங்காது என்பதால், 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இவ்வகைப் பெரிய எழுத்துகளை இயந்திரத்தால் மரத்தில் குடையத் தொடங்கினார். சாண் உயரத்துக்கு வரைந்த வடிவத்தை 2 செ.மீ.க்குச் சுருக்கினால் ஓட்டை 1 மி.மீ.கூடத் தேறாது. துணியில் மை நாலா பக்கமும் பரவும்; இருக்கிற வெள்ளையையும் விழுங்கிவிடும்.

ஓட்டையின் மிகக் குறுகிய இடத்தை அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்குக் கீழே என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது அதே குடும்பத்தில் ஒரு படி மெலிந்ததை எடுங்கள். அதுவும் முடியாதென்றால் எழுத்தை கர்வ்ஸாக (திருத்தக்கூடிய கோட்டுருவமாக) மாற்றி, எழுத்து மெலியும்படி விளிம்பைச் சுற்றிலும் 0.1 முதல் 0.2 மி.மீ. உள்ளே இழுங்கள். ஸ்க்ரீன் அச்சு என்றால், மை இறங்கும் வலையில் (மெஷ்) 43டிக்குப் பதில் 77டி, அதாவது செ.மீ.க்கு 77 இழை உள்ள நெருக்கமான வலை, கேளுங்கள்; மை குறைவாக இறங்கும்.

நிழல் கொடுப்பதானால், முதலில் எழுத்துகளை ஒரே உருவமாக வெல்ட் செய்யுங்கள் (இணையுங்கள்). இல்லையேல் ஒவ்வோர் எழுத்தின் நிழலும் அடுத்த எழுத்தின் மேல் ஏறும். பாதங்கள் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டட்டும், அல்லது தெளிவாக விலகி நிற்கட்டும். மயிரிழை இடைவெளி விட்டால் அச்சில் ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் ஒட்டாது. பிழை போலத் தெரியும்.

கேள்வி: கூப்பர் பிளாக் என்ற தடித்த எழுத்துருவும் ஸ்லாப் செரிஃப்தானே?

பதில்: இல்லை. சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-இல் வெளியான அந்த எழுத்தின் பாதங்கள் மாவு உருண்டை போல வழுவழுப்பானவை; பட்டை கிடையாது. உருண்டையும் வேண்டும், பட்டையும் வேண்டும் என்றால் கிளாரண்டன் குடும்பத்தைப் பாருங்கள். 1845-இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லியின் எழுத்து வார்ப்படசாலை அதை வெளியிட்டது. பாதம் காலோடு சேரும் இடத்தில் சின்ன வளைவு இருக்கும். ‘ஆர்’ வால் சுருண்டு நிமிரும். குறும்பு அந்த வாலில்தான்.

கேள்வி: இதோடு தமிழைச் சேர்க்க, தமிழ் எழுத்துக்கும் பாதம் ஒட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ‘ண’, ‘ஞ’ சுழிகள் ஏற்கெனவே நெருக்கமானவை. பாதம் சேர்ந்தால் கறுப்புக் கட்டியாகிவிடும். செங்குத்துக் கோட்டின் தடிமன் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும் தமிழ் எழுத்துருவைத் தேடுங்கள். ‘கீ’யின் கொக்கியும் ‘கூ’வின் வாலும் இடிக்காதபடி வரி இடைவெளியைக் கூட்டிவிடுங்கள்.