35 நாள் குட்டி

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் வண்டன்மேட்டில் ஓர் ஏலத்தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். நான்காம் வகுப்புப் படிக்கும் மகன் நாய்க்குட்டி கேட்கிறான். இங்குள்ள குளிருக்கு ஹஸ்கி வாங்கலாமா, லாப்ரடார் போதுமா, நம் கோம்பை நாயே நல்லதா? கம்பத்தில் ஒருவர் 35 நாள் லாப்ரடார் குட்டி தருகிறார். இந்த வயதில் எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்கிறார்.

எம்.

அன்புள்ள எம்.,

ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கும் நாய். வண்டன்மேட்டுக் குளிர் அதற்குக் குளிரே அல்ல. கோம்பைக்கு ஓட இடம் வேண்டும். லாப்ரடார் பிள்ளைகளோடு இணங்கும். இனத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

சென்ற வாரம் எங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்த நாய்ச்சங்கிலி ஒன்று கிடைத்தது. அது மேசையில் கிடக்கும்போதுதான் உங்கள் கடிதத்தில் அந்த 35 நாளைப் படித்தேன். நான் உத்தமபாளையத்தில் பள்ளியில் படித்த காலத்தில், அப்பா கோம்பையிலிருந்து 28 நாள் குட்டியொன்றை மஞ்சள் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தார். அவரிடமும் யாரோ இதே ‘ஒட்டும்’ கதையைச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் அது அப்பாவின் பழைய வேட்டி நுனியைச் சப்பியபடி இரவெல்லாம் அழுதது. பிழைத்தது, எங்களிடம் ஒட்டவும் செய்தது. ஆனால் விளையாட்டாகக் கவ்வுவதற்கும் கடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அதற்குக் கடைசிவரை விளங்கவில்லை. தங்கையின் முன்கை கிழிந்து, அவள் வயிற்றில் 14 ஊசி போட்டுக்கொண்ட பிறகு, மிச்ச ஒன்பது ஆண்டுகளையும் அந்த நாய் இந்தச் சங்கிலியில்தான் கழித்தது. குற்றம் அதனுடையது என்றே நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ 2 வாரம், பால்பல் முளைக்கத் தொடங்க 3 வாரம் ஆகும். பல் வந்த பிறகுதான் அதன் பள்ளிக்கூடமே தொடங்குகிறது. உடன்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். தாயைக் கடித்தால் தாய் உறுமிவிட்டு எழுந்து போய்விடும். இப்படிப் பலமுறை பட்டுத் தெளிந்தால்தான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பது அதன் தாடைக்குத் தெரியவரும். பகலெல்லாம் அலுவலகத்தில் இருக்கும் நீங்களா இதைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்? பிஞ்சு ஏலக்காயைப் பறித்த ஆளைத் தோட்டத்தில் எப்படித் திட்டுவீர்கள் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 6 வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் தடுப்பூசிச் செலவும் தீவனச் செலவும் விற்பவர் தலையில் விழும். ‘ஒட்டும்’ என்பது அந்தக் கணக்கில் வந்த சொல். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் விதிகளே சொல்கின்றன.

ஆகவே குட்டியை இன்னும் 3 வாரம் தாயிடமே விட்டுவையுங்கள். தீவனச் செலவு கேட்டால் முணுமுணுக்காமல் கொடுங்கள். ஞாயிறுதோறும் மகனை அழைத்துக்கொண்டு மலையிறங்கிப் போய், அவனைத் தாய்நாயின் பக்கத்தில் சற்று நேரம் உட்காரவையுங்கள். தாயைக் காட்ட அவர் மறுத்தால், முன்பணம் போனாலும் போகட்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள். பகலில் வீட்டில் குட்டியோடு யார் இருப்பார்கள் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதற்கும் இந்த 3 வாரத்துக்குள் ஒரு வழி பாருங்கள்.