வைக்கோல் கால், விளார் கால்: ஐரிஷ் நடன வகுப்பு பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். அயர்லாந்தில் லிமரிக் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மகளை ஐரிஷ் நடன வகுப்பில் விடப் போய், ஹாலின் சுவரோரம் உட்கார்ந்து பார்த்து, பிறகு நானும் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். பல வருடம் கழித்துக் கேய்லி, அதாவது பலர் சேர்ந்து ஆடும் குழு நடனம், அதற்கான ஆசிரியர் தேர்வு எழுதினேன். இப்போது ஒரு நடனப் பள்ளியில் தலைமை ஆசிரியருக்குத் துணையாக ஆரம்பநிலைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். நம்மவர் வீட்டுக் குழந்தைகள் பலர் இங்கே இந்த வகுப்புகளுக்குப் போகிறார்கள். பெற்றோரும் மற்றவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (டப்ளின், ஒரு அம்மா): அக்கா, என் மகளுக்கு நாலு வயது முடிகிறது. இப்போதே சேர்க்கலாமா? முதல் வருடம் என்னதான் சொல்லித்தருவீர்கள்?

சேர்க்கலாம். ஆனால் முதல் வருடம் நடனம் என்று பெரிதாக எதுவும் கண்ணில் படாது. வரிசையில் நிற்பது, பாட்டு தொடங்கும் வரை காத்திருப்பது, வலது காலை நீட்டுவது, பின்னலாகக் கால் மாற்றி வைப்பது, இவ்வளவுதான். அப்புறம் 'த்ரீஸ்', 'செவன்ஸ்' என்று இரண்டு அடிப்படை அடிகள். த்ரீஸ் என்றால் ஹாப், ஒன்று, இரண்டு, மூன்று. செவன்ஸ் என்றால் பக்கவாட்டில் ஏழு எண்ணி நகர்வது. ஆசிரியர் வாயால் எண்ணிக்கொண்டே இருப்பார், குழந்தை அந்தக் குரலைக் காலில் வாங்கிக்கொள்ளும். பாட்டு அதற்கு அப்புறம்தான்.

இதில் உண்மையான சிக்கல் இடது வலது தெரியாதது. இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் ஆடக் கற்றுக்கொடுத்த நடன வாத்தியார்கள் இங்கே இருந்தார்கள். 1770களின் இறுதியில் அயர்லாந்தைச் சுற்றிப்பார்த்த ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு குழலூதியையோ பார்வையற்ற ஃபிடில் (வயலின்) வாசிப்பவரையோ கூட்டிக்கொண்டு குடிசை குடிசையாகப் போவார்களாம், மூன்று மாதத்துக்கு ஆறு பென்னி கூலி. இடது வலது தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு காலில் வைக்கோல் பிரியையும் மறு காலில் மரத்து விளாரையும் கட்டிவிட்டு, "வைக்கோலை எடு, விளாரை எடு" என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நான் வகுப்பில் ஒரு காலில் சிவப்பு ரப்பர் வளையம் மாட்டிவிடுகிறேன். அதே வித்தைதான்.

வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஆரம்பநிலைக் குழந்தைகளை யார் கவனிக்கிறார்கள், அவர்கள் குழந்தையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். சுவரில் தொங்கும் கோப்பைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (கார்க், கல்லூரி மாணவி): சென்னையில் எட்டு வருடம் பரதநாட்டியம் கற்றேன். அது இதற்கு உதவுமா, இடைஞ்சலா?

காதுக்கு உதவும், முட்டிக்கு இடைஞ்சல். அரைமண்டியில் உட்கார்ந்து தட்டிப் பழகிய உடம்பு உங்களுடையது. இங்கே முட்டி நேராக, குதிகால் தரையில் படாமல், தொடைகள் ஒன்றையொன்று ஒட்டியபடி பாதங்களைக் குறுக்காக வைத்து மேல்நோக்கி எழ வேண்டும். முதல் ஆறு மாதம் உங்கள் கால் தானாகவே தரையைத் தேடிப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தாளம் உங்களுக்குச் சொந்தம். ஜிக், ரீல், ஸ்லிப் ஜிக் எல்லாம் இங்குள்ள பாட்டு, நடன வகைகள். ஜிக் என்பது 6/8, நம் திஸ்ர நடை போலக் கேட்கும். ரீல் நாலு நாலாக ஓடும். ஸ்லிப் ஜிக் 9/8. ஒன்பது என்றதும் சங்கீர்ணம் என்று நினைத்து நாலும் ஐந்துமாகப் பிரித்துவிடாதீர்கள். அது மூன்று மூன்றாக மூன்று முறை. நானே இதில் தடுமாறி, ஃபிடில் வாசிக்கும் ஒருவர் மேசையில் தட்டிக்காட்டிய பிறகுதான் புரிந்துகொண்டேன். இன்னொன்று, ஒரு அடவை வலதில் செய்துவிட்டு இடதில் செய்வோம் இல்லையா? இங்கேயும் எட்டு 'பார்' (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு 'ஸ்டெப்'பை வலது காலில் ஆடிவிட்டு அப்படியே இடது காலில் ஆட வேண்டும். நடுவர்களின் கண் இடது காலில்தான் இருக்கும்.

ஹெவி ஷூ, அதாவது தரையில் தட்டினால் ஒலிக்கும் கனமான காலணி போட்டு ஆடும்போது உங்களுக்குத் தீர்மானம் ஆடுவது நினைவுக்கு வரும். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (மதுரை): ரிவர்டான்ஸ் வீடியோ பார்த்திருக்கிறேன். ஏன் கை அசைவதே இல்லை? பாதிரியார்கள் தடுத்ததால் என்கிறார்களே?

பாதிரியார் கதை, ஆங்கிலேயருக்குத் தெரியாமல் அரைக்கதவுக்குப் பின்னால் ஆடிய கதை, இப்படிப் பல உண்டு. ஆதாரம் உள்ளதாக எதையும் நான் பார்த்ததில்லை, அதனால் குழந்தைகளுக்கு வரலாறு என்று சொல்வதில்லை. முதல் பதிலில் சொன்ன நடன வாத்தியார்கள் அடக்கமான நிலையை மதித்தார்கள். ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் வளர்க்க கேலிக் லீக் என்ற அமைப்பு 1893இல் தொடங்கப்பட்ட பிறகு போட்டிகள் பெருகி, அந்த நிலையே விதி போல ஆனது என்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. 1930 வாக்கில் வந்த அன் கோமிஷூன் லே ரின்கீ கேலக்கா என்ற அமைப்பு, நாங்கள் சுருக்கமாகக் கமிஷன் என்போம், ஆசிரியர் தேர்வையும் போட்டி விதிகளையும் ஒழுங்குபடுத்தியது.

அயர்லாந்து முழுக்கக் கை கட்டுப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கே கானமாராவில் ஷான்-நோஸ் என்ற நடனம் இருக்கிறது. ஒரு கதவுப்பலகை அளவு இடத்தில், காலைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல், கையைத் தளரவிட்டு, பாட்டுக்கு ஏற்ப அந்த நேரத்தில் தோன்றுவதை ஆடுவார்கள். எழுபது வயதுக்காரர் ஆடுவதைப் பார்த்தால் கண் கலங்கும்.

ரிவர்டான்ஸ் 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஆடிய ஏழு நிமிடம். முன்னால் நின்று ஆடிய ஜீன் பட்லரும் மைக்கேல் ஃப்ளாட்லியும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். அயர்லாந்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் வெளியூர் ஹால்களில் கற்றுக்கொண்டு திரும்பி வந்து ஆடியதை அயர்லாந்தே எழுந்து நின்று பார்த்தது. கை கொஞ்சம் விடுபட்டதும் அந்த மேடையில்தான். போட்டியில் இன்றும் கை பக்கத்தில்தான் இருக்கும்.

கேள்வி (கால்வே, ஒரு அப்பா): செலவைப் பற்றி நேராகச் சொல்லுங்கள். உடை ஆயிரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள்.

ஆகும், ஆனால் இப்போது இல்லை. முதல் சில வருடங்களுக்கு ஒரு ஜோடி பம்ப்ஸ், அதாவது மென்மையான காலணி, பள்ளியின் சாதாரணச் சீருடை, இவை போதும். ஹெவி ஷூ வரும்போது புதிதாக வாங்காதீர்கள். குழந்தையின் கால் வளர்கிற வேகத்தில் ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டும், எல்லாப் பள்ளியிலும் பெற்றோருக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். பளபளக்கும் தனி உடை மேல்நிலைக்குப் போன பிறகுதான். அதுவும் ஏற்கெனவே போட்டதாகக் கிடைக்கும். சுருள் முடி விக் பற்றிப் பல பெற்றோர் கவலைப்படுகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு மேக்கப் கூடாது என்று கமிஷனே விதி வைத்திருக்கிறது, விக்கையும் அதே பார்வையில் பாருங்கள் என்பேன். நம் பிள்ளைகளின் கருங்கூந்தலை இறுக்கிப் பின்னிக் கட்டினால் அதைவிட அழகு இல்லை.

ஆரம்பநிலையிலேயே விலையுயர்ந்த உடை வாங்கச் சொல்லி வற்புறுத்துகிற பள்ளி என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

கேள்வி (லிமரிக், ஒரு அம்மா): மகள் போன மாதம் ஃபெஷ்ஷில் ஆடினாள். ஒரு நடுவர் மூன்றாவது இடம் கொடுத்தார், மற்ற இருவரும் கீழே தள்ளிவிட்டார்கள். எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

ஃபெஷ் என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு ஒரு வரி: நாள் முழுக்க நடக்கும் நடனப் போட்டி. பெரிய போட்டிகளில் நடுவர் கொடுக்கும் மதிப்பெண்ணை அப்படியே கூட்டுவதில்லை. ஒவ்வொரு நடுவரின் பட்டியலிலும் குழந்தை எத்தனையாவது என்று பார்த்து, முதலிடத்துக்கு 100, இரண்டாம் இடத்துக்கு 75, மூன்றாம் இடத்துக்கு 65, நான்காம் இடத்துக்கு 60 என்று புள்ளி தருவார்கள். அவற்றைக் கூட்டித்தான் முடிவு. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே 25 புள்ளி இடைவெளி, கீழே போகப் போக இடைவெளி சுருங்கும். ஆகவே ஒருவர் மட்டும் உயர்த்திக் கொடுத்தால் போதாது, ஒருவர் மட்டும் தாழ்த்தியதாலும் எல்லாம் போய்விடாது.

நீங்கள் எண்ணை விட்டுவிட்டு நடுவர் எழுதிய குறிப்பைப் படியுங்கள். "இடது பாதம் திரும்பவில்லை", "தாளத்துக்கு முன்னால் ஓடுகிறாள்" என்று எழுதியிருந்தால் அதை ஆசிரியரிடம் காட்டுங்கள். தாளத்துக்கு முன்னால் ஓடுவது ஆரம்பநிலைக் குழந்தைகள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். விசித்திரம் என்னவென்றால், மேல்நிலைக்குப் போகப் போகப் பாட்டின் வேகம் குறையும். சாம்பியன்ஷிப்பில் ட்ரெபிள் ஜிக், அதாவது ஹெவி ஷூவில் ஆடும் ஜிக், மெட்ரோனோம் என்ற தாளக்கருவியில் 73 வேகம்தான். அந்த மெதுவான இடைவெளிக்குள் எத்தனை தட்டுகளை நிரப்புகிறார்கள் என்பதில்தான் திறமை இருக்கிறது.

கேள்வி (லண்டன்): 2022இல் நடுவர்கள் விவகாரம் வெளிவந்ததே. இதற்குப் பிறகும் குழந்தையைப் போட்டிக்கு அனுப்பலாமா?

அந்த அக்டோபரில் செய்தி வந்தபோது எங்கள் ஹாலில் யாரும் பேசவே இல்லை. சில ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்கு நல்ல இடம் கேட்டு நடுவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. கமிஷன் ஓய்வுபெற்ற மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஒருவரை விசாரணையைக் கண்காணிக்க வைத்தது.

என் கருத்தைச் சொல்கிறேன். இந்த உலகம் சிறியது. நடுவர்களில் பெரும்பாலானோர் ஆசிரியர்கள்தான். இன்று உங்கள் மாணவிக்கு மதிப்பெண் போடுபவரின் மாணவிக்கு நாளை நீங்கள் மதிப்பெண் போடலாம். தன் மாணவர்களுக்குத் தானே நடுவராகக் கூடாது என்ற விதி மட்டும் இதைத் தீர்க்காது. நேர்மையாக நாள் முழுக்க உட்கார்ந்து, கண் சிவக்கப் பார்த்து எழுதும் நடுவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

அனுப்பலாமா என்றால், அனுப்புங்கள். ஆனால் வகுப்பில் போட்டி மட்டுமே இருக்கக் கூடாது. எங்கள் குழந்தைகள் முதியோர் இல்லத்தில் ஆடுகிறார்கள், மார்ச் 17 புனித பேட்ரிக் நாளில் ஊர்வலத்தில் நனைந்துகொண்டே ஆடுகிறார்கள், மாதம் ஒரு முறை கேய்லியில் பாட்டி தாத்தாக்களோடு கைகோத்து ஆடுகிறார்கள். தோற்ற குழந்தைக்கும் ஆட ஒரு இடம் இருக்கும்.

கேள்வி (பெல்ஃபாஸ்ட்): எங்கள் குழந்தை மட்டும்தான் அந்த வகுப்பில் மாநிறம். தனித்துத் தெரிவாளே என்று தயக்கம்.

தெரிவாள்தான். என் மகளும் தெரிந்தாள். முதல் வருடம், போட்டிக்கு முன் மற்ற பெண்கள் காலில் பழுப்பு நிறம் வர லோஷன் பூசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இவள் காலைப் பார்த்து, "உனக்குத் தேவையே இல்லை, கொடுத்துவைத்தவள்" என்றாளாம். வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சங்கடமே வராது என்று சொல்ல மாட்டேன். ஒரு போட்டியில் ஒரு பெண்மணி என்னிடம், "இது உங்கள் கலாச்சாரம் இல்லையே, ஏன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை குறுக்கே வந்து, "இவள் எங்கள் வகுப்புப் பெண்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். 2020இல் அமெரிக்காவின் மார்கன் புல்லக் என்ற கறுப்பினப் பெண் ராப் பாட்டுக்கு ஐரிஷ் நடனம் ஆடிய வீடியோ பரவியபோதும் இதே கேள்வி எழுந்தது, அவருக்கு ரிவர்டான்ஸ் குழுவிலிருந்து அழைப்பும் வந்தது. நீங்கள் தயங்காமல் அனுப்புங்கள். நீங்களும் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளாமல் தேநீர் மேசையில் போய் நில்லுங்கள். எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்த வாரம் ஐந்து நாள் ராத்திரிச் சாப்பாடு வந்தது அந்தத் தேநீர் மேசையில் பழகியவர்கள் வீட்டிலிருந்துதான்.

கேள்வி: மகனுக்குப் பத்து வயது. குதிகால் வலிக்கிறது என்கிறான். ஆசிரியர் பழகிவிடும் என்கிறார்.

பழகாது. வகுப்பை நிறுத்தி, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அந்த வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் மென்மையாக இருக்கும், குதித்துக் குதித்து இறங்கும்போது அங்கே வலி வருவது சகஜம். ஓய்வு கொடுத்தால் சரியாகும், மறைத்து ஆடினால் நீளும். சிமெண்ட் தரையில் நேரடியாக வகுப்பு நடக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் மரப்பலகை இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 43. இனிமேல் ஆடலாமா?

ஆடலாம். கேய்லியில் தொடங்குங்கள்.

கேள்வி (டப்ளின், இளைஞர்): ஆசிரியராக என்ன வழி, மேடம்?

தம்பி, கமிஷனின் முழு ஆசிரியர் தகுதியை டி.சி.ஆர்.ஜி. என்பார்கள். நீங்களே தனி நடனம் ஆடிக்காட்ட வேண்டும், தேர்வாளர் முன் மாணவர்களுக்குக் கற்பித்துக்காட்ட வேண்டும், இசையைக் கேட்டு அடையாளம் சொல்ல வேண்டும், குழு நடனங்கள் பற்றி எழுத்துத்தேர்வும் உண்டு. அந்தக் குழு நடனங்கள் மொத்தம் 30. யார் எந்த எண்ணிக்கையில் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். நான் சமையலறைத் தரையில் எட்டு மிளகாய் வற்றலை ஆட்களாக வைத்து நகர்த்திப் படித்தேன். நான் எழுதியது கேய்லிக்கு மட்டுமான டி.எம்.ஆர்.எஃப். தனி நடனம் கற்பிக்க அது போதாது. குழந்தைகளோடு வேலை செய்ய இங்கே காவல்துறைச் சரிபார்ப்பும் கட்டாயம். படிப்பாகவே படிக்க வேண்டுமென்றால் லிமரிக் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் வேர்ல்டு அகாடமி இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வருடம் யாராவது ஒரு ஆசிரியருக்குப் பின்னால் நின்று, ஷூ கயிறு கட்டிவிட்டுப் பாருங்கள். ஒரே த்ரீஸை நூறாவது முறை எண்ணும்போதும் குரலில் சலிப்பு வரவில்லையென்றால் விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி (வாட்டர்ஃபோர்டு, ஒரு அம்மா): வரும் ஞாயிறு முதல் ஃபெஷ். என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

காலணி இரண்டையும் முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள். சாக்ஸ் நழுவாமல் காலில் ஒட்டும் பசை, மாற்று சாக்ஸ், தண்ணீர், தயிர்சாதம் மாதிரி வயிற்றுக்கு லேசான சாப்பாடு. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தள்ளித்தான் மேடை வரும், அதனால் ஒரு போர்வையும் வண்ணப்புத்தகமும். வயதுப் பிரிவு அந்த வருடம் ஜனவரி 1 அன்று உள்ள வயதை வைத்து, பதிவுசெய்ததைச் சரிபாருங்கள். எண் அட்டையை இடுப்பில் மாட்ட ஊக்கு வேண்டும். நாலு போதும், ஆனால் பத்து எடுத்துப் போங்கள். பக்கத்தில் இன்னொரு அம்மா மறந்துவிட்டு வந்திருப்பார்.