பிளாஸ்மா த்ரஸ்டர் படிக்க வேண்டும் என்கிறாள் மகள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் ஐயா. மகள் பிளாஸ்மா த்ரஸ்டர் படிக்க வேண்டும் என்கிறாள், அதற்காக ஒரு கல்லூரியில் ஏரோஸ்பேஸ் சீட்டுக்கு இப்போதே முன்பணம் கட்டலாமா, என்ன படிக்கலாம், வேலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்ட வேண்டாம். பிளஸ் டூ பரீட்சையே இன்னும் எழுதவில்லை. அதோடு, உங்கள் மகள் ஆசைப்படும் விஷயத்துக்கு அந்தப் பட்டம்தான் வாசல் என்றும் இல்லை.

பிளாஸ்மா த்ரஸ்டர் என்று அவள் சொல்வது ஹால் த்ரஸ்டர் என்ற எஞ்சினை. செயற்கைக்கோள் விண்வெளிக்குப் போன பிறகு அதை மெல்ல நகர்த்தும் மின் உந்துவிசை. பீங்கான் போன்ற பொருளில் செய்த வளைய வடிவப் பள்ளத்துக்குள் செனான் வாயுவை விடுவார்கள். அங்கே இருக்கும் காந்தப்புலம் எலக்ட்ரான்களைப் பிடித்து, வளையத்துக்குள்ளேயே சுற்ற வைக்கும். சுற்றும் எலக்ட்ரான் செனான் அணுவில் மோத, அணு ஒரு எலக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெற்ற அயனியாகிறது. அயனியும் எலக்ட்ரானும் கலந்த இந்த வாயுதான் பிளாஸ்மா. அயனி கனமானது, காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது. சுமார் 300 வோல்ட் மின்னழுத்தம் அதை நொடிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும். ரஷ்யாவின் எஸ்பிடி-100 என்ற ஹால் த்ரஸ்டர் தரும் உந்துவிசை சுமார் 80 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் எட்டு கிராம் வைத்தால் தெரியும் கனம். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் தள்ளும்.

இந்த எஞ்சினை சோவியத் நாட்டினர் 1970களின் தொடக்கத்திலேயே விண்ணில் ஓட்டிவிட்டார்கள். ஆனாலும் உள்ளே எலக்ட்ரான் என்ன செய்கிறது என்பது இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. காந்தப்புலத்தைத் தாண்டி ஆனோடுக்கு (நேர் மின்முனைக்கு) மிகக் கொஞ்சம் எலக்ட்ரான்தான் கசிய வேண்டும் என்கிறது, எலக்ட்ரான்கள் அணுக்களில் மோதுவதை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. அளந்து பார்த்தால் கசிவு அதைவிடப் பல மடங்கு. பிளாஸ்மாவில் எழும் மெகாஹெர்ட்ஸ் அளவிலான, அதாவது நொடிக்குப் பல லட்சம் தடவை துடிக்கும் அலைவுகள்தான் அவற்றைத் தள்ளுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள்; விவாதம் ஓயவில்லை. இன்னொரு அலைவுக்கு 'மூச்சு' என்றே பெயர். பள்ளத்தில் இருக்கும் செனான் எல்லாம் அயனியாகித் தீரும், மின்னோட்டம் விழும். புது வாயு வந்து நிரம்பும், மறுபடி ஏறும். நொடிக்குப் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் தடவை இது நடக்கும். மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட் இந்த ஆட்டத்தைத் தாங்கியாக வேண்டும்.

வேலை எங்கே என்று கேட்டீர்களே, இங்கேதான். எஞ்சினின் ஆயுள் எவ்வளவு என்று கணினியில் மட்டும் கணித்துவிட முடியாததால்தான் வெற்றிடக் கலத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். இஸ்ரோ தனது 300 மில்லிநியூட்டன் த்ரஸ்டருக்கு 1000 மணி நேரச் சோதனையை முடித்ததாக 2025 மார்ச்சில் அறிவித்தது. பெங்களூரில் பெல்லாட்ரிக்ஸ் என்ற தனியார் நிறுவனமும் ஹால் த்ரஸ்டர் செய்கிறது. வெற்றிடக் கருவி, பவர் எலக்ட்ரானிக்ஸ், காந்தச் சுருள், சிமுலேஷன் என்று பல கைகள் வேண்டும். ஆனால் இந்தியாவில் இது இன்னும் சின்ன உலகம்தான், ஐயா. நூற்றுக்கணக்கில் காலியிடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, என்ன படிக்கலாம்? ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் வந்தால், திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள ஐஐஎஸ்டி (இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) முதல் தேர்வு. வராவிட்டால் குடி முழுகிவிடாது. எலக்ட்ரானின் நடத்தைதான் அவளை இழுக்கிறது என்றால் பி.எஸ்சி. இயற்பியல், ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., அப்புறம் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் பி.எச்டி. நீண்ட பாதை, சம்பளம் தாமதமாகத்தான் வரும், ஆராய்ச்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. கருவி செய்வதில்தான் ஆர்வம் என்றால், கவுன்சலிங்கில் கிடைக்கும் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல், இசிஇ அல்லது டிரிபிள் இ. இஸ்ரோவின் வழக்கமான பொறியாளர் தேர்வு அறிவிப்புகளில் அடிக்கடி வருவது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். ஏரோஸ்பேஸ் சீட்டு விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டில் எது என்று நீங்களோ நானோ முடிவு செய்ய வேண்டாம். பிளஸ் டூ இயற்பியலில் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்திருக்கும்போது மின்துகள் எப்படிப் போகும் என்ற பாடம் இருக்கிறது. த்ரஸ்டருக்குள் எலக்ட்ரானைச் சுற்ற வைப்பதும் அதே கணக்குதான். அந்தக் கணக்குகளை அவள் தானாக உட்கார்ந்து போடுகிறாளா, இல்லை சோல்டரிங் அயர்னோடு மல்லுக்கட்டுகிறாளா என்று இந்த அரையாண்டு லீவில் கவனியுங்கள். ஜனவரியில் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவளிடமே பேசுகிறேன்.