அழிக்க முடியாதுன்னா எப்படி வீணாகும்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தர்மபுரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில சயின்ஸ் எடுக்கிறேன். போன வாரம் ஏழாங்கிளாஸுக்கு ஆற்றல் பாடம். ‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது’ன்னு போர்டுல எழுதிப் போட்டேன். பெல் அடிச்சதும் வழக்கம்போல லைட், ஃபேன் எல்லாம் ஆஃப் பண்ணுங்கடா, வீணாகுதுன்னேன். கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் எழுந்து, "மிஸ், அழிக்கவே முடியாதுன்னு இப்பதான சொன்னீங்க, அப்புறம் எப்படி வீணாகும்?"னு கேட்டான். கிளாஸே சிரிச்சுது. அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதன்னு உட்கார வச்சிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. எனக்கே பதில் தெரியல, அதான் உண்மை. பிள்ளைங்களுக்கு இத எப்படிச் சொல்றது?

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

முதல்ல ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு அதே கிளாஸ்ல, எல்லாரும் சிரிச்ச அதே இடத்துல, "நீ கேட்டது சரியான கேள்விடா"ன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

அவன் கேள்விக்கு நம்ம ஊர்லயே ஒரு பழமொழி இருக்கு, கடல்ல கரைச்ச பெருங்காயம். பெருங்காயம் எங்கயும் போகல, கடல்லதான் இருக்கு, ஆனா ரசத்துக்கு ஒரு சிட்டிகை வேணும்னா எடுக்க முடியுமா? நெய்வேலில பழுப்பு நிலக்கரிய எரிக்கிறாங்க, அதுல இருந்து வர்ற வெப்பத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் மின்சாரமா மாறுது, மீதி அங்கயே காத்துலயும் தண்ணியிலயும் கலந்துடுது. வந்த மின்சாரமும் உங்க கிளாஸ்ல ஃபேன சுத்தி, லைட்ட எரிச்சு, கடைசில சுவரையும் காத்தையும் துளியூண்டு சூடாக்கிட்டு நிக்குது. ஆற்றல அளக்குற அலகு ஜூல், கணக்குல ஒரு ஜூல் கூட குறையல, ஆனா அந்தச் சூட்ட திரும்பக் கூட்டி அள்ளி ஒரு டம்ளர் டீ போட யாராலயும் முடியாது. வீணாகுதுன்னா அதான். ஆற்றல் அழியாதுங்கறது ஒண்ணு, அத வீணாக்காம வைக்கிறது இன்னொண்ணு; இங்கிலீஷ்ல ரெண்டுக்குமே கன்சர்வேஷன்தான், நம்ம பாடத்துல அழிவின்மை, சேமிப்புன்னு ரெண்டு தனி வார்த்தை இருக்கு, அந்த வித்தியாசத்த நாம கிளாஸ்ல எடுத்துக் காட்டுறதே இல்ல.

வார்த்தைன்னதும் இன்னொண்ணு, இது ரொம்ப நாளா எனக்கு உறுத்துறது. ‘வேலை செய்யும் திறன் ஆற்றல்’னு மனப்பாடம் பண்ண வைக்கிறோம். அப்புறம் பவர், அதாவது செகண்டுக்கு எவ்வளவு வேலை நடக்குதுங்கற பாடம் வரும்போது அதுக்குப் பேரு ‘திறன்’. அப்போ ஆற்றல்ங்கறது ஒரு வகை பவரான்னு ஒரு பிள்ளை நினைச்சா அது பிள்ளை தப்பா? தூக்குன குடத்த இடுப்புலயே வச்சிட்டு அரை மணி நேரம் குழாயடில நிக்கிற அம்மா குடம் நகரலங்கறதால அந்தக் குடத்து மேல ‘வேலை’ எதுவும் செய்யலன்னு வேற சொல்லணும் நாம. வரையறைய முதல்ல வச்சா இப்படித்தான் முட்டிக்கும். 1966ல நியூயார்க்ல அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்துல அமெரிக்க இயற்பியல் விஞ்ஞானி ஃபெயின்மன் பேசும்போது இதையேதான் சொன்னாரு. ஒண்ணாங்கிளாஸ் புத்தகத்துல சாவி கொடுத்தா ஓடுற பொம்மை நாய் படம், இத எது ஓட வைக்குதுன்னு கேள்வி, ஆற்றல்னு பதில். அதுக்கு சாமி ஓட வைக்குதுன்னே சொல்லிடலாமே, பிள்ளைக்கு என்ன புதுசா தெரிஞ்சுது, பொம்மைய பிரிச்சு ஸ்பிரிங்க காட்டுங்கன்னாரு. தமிழ்ல ‘சக்தி’ன்னு சொல்ற நமக்கு அது இன்னும் நல்லாவே புரியும்.

அதனால பேர கடைசில சொல்லுங்க, முதல்ல பிள்ளைங்க கை வலிக்கட்டும். நான் போற ஸ்கூல்கள்ல செய்யறது இது. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், சுவத்துல ஒரு மீட்டர் உயரத்துல சாக்பீஸ் கோடு. பாட்டில தரையில இருந்து கோடு வரைக்கும் ஒரு தடவை தூக்கினா 9.8 ஜூல், அதாவது ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு செகண்டுக்கு எடுக்கிறது கிட்டத்தட்ட அவ்வளவுதான். பல்பு எரியணும்னா செகண்டுக்கு ஒரு தடவை தூக்கிட்டே இருன்னு ஒரு பிள்ளைகிட்ட சொல்லுவேன், மத்தவங்க சத்தமா எண்ணுவாங்க. போன தடவை ஒரு பொண்ணு உதட்ட கடிச்சிட்டு தூக்கினா, நூற தாண்டினதும் தோள்பட்டை ஒரு பக்கம் சாயுது, முகமெல்லாம் வேர்வை, "சார், பல்பு அணைஞ்சிடுச்சு"ன்னு பாட்டில வச்சிட்டா. நானா சொல்லல, அவளே சொன்னது. அப்புறம் தலைக்கு மேல சுத்துற ஃபேன காட்டுவேன். 75 வாட். எட்டு பேரு நிறுத்தாம தூக்கணும். ஒரு லிட்டர் தண்ணிய 30 டிகிரில இருந்து கொதி வரைக்கும் கொண்டு வர சுமார் 30,000 தடவை, செகண்டுக்கு ஒண்ணுன்னா எட்டு மணி நேரத்துக்கு மேல. கரண்ட் பில்லுல வர்ற ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல், அத பாட்டில் கணக்குல அவங்களே வகுத்துப் போடட்டும், மூணரை லட்சத்த தாண்டும். போட்டு முடிச்சிட்டு சுவிட்ச பாக்குற பார்வையே வேறயா இருக்கும்.

தூக்கின பாட்டில வச்சதும் அந்த ஆற்றல் எங்க போச்சுன்னு கேட்கவும் மறந்துடாதீங்க. அதே கேள்விய 1840கள்ல, அந்த அலகுக்குப் பேரா இருக்கிற விஞ்ஞானி ஜூல் கேட்டாரு, மான்செஸ்டர் பக்கம், பீர் காய்ச்சற குடும்பத்துப் பிள்ளை. எடை கீழ இறங்க இறங்க தண்ணிக்குள்ள ஒரு துடுப்பு சுத்தும், தண்ணி எவ்வளவு சூடாகுதுன்னு அளந்துட்டே இருந்தாரு. உங்க கிளாஸுக்கு துடுப்பெல்லாம் வேணாம், ஒரு அகலமான ரப்பர் பேண்ட் போதும். சட்டுன்னு இழுத்து மேல் உதட்டுல வச்சா வெதுவெதுன்னு இருக்கும், அப்படியே கொஞ்ச நேரம் பிடிச்சிருந்து தளர விட்டு வச்சா ஜில்லுன்னு இருக்கும். அத அந்த கடைசி பெஞ்ச் பையன் கையில முதல்ல குடுங்க, அடுத்து என்ன கேட்டான்னு எனக்கு எழுதுங்க.