பிரண்டைச் சாறு பட்டதும் இதயம் நின்றால் அது பிரண்டையின் வேலைதானா?

கேள்வி: எம்.ஃபார்ம் ஆய்வுக்காகப் பிரண்டைத் தண்டின் நீர்ச் சாற்றைக் கோழிக் குடலில் சோதிக்கிறேன். ஒரு நாள் குடல் சுருங்குகிறது, மறுநாள் அதே அளவு சாற்றுக்குத் தளர்கிறது. விலங்கு ஒழுங்குக் குழுவின் அனுமதியோடு தவளை இதயத்திலும் பார்த்தேன். 50 மி.கி./மி.லி. சாற்றில் 0.2 மி.லி. செலுத்தியதும் துடிப்பு நின்றது. ரிங்கர் கரைசல் (இதயத்தைத் துடிக்க வைத்திருக்கும் உப்புக் கரைசல்) ஓடியபின் திரும்பியது. சாறு இதயத்தை அடக்குகிறது என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் பார்த்தது பிரண்டையின் மருந்துக் குணமாக இருக்கலாம். வெறும் பொட்டாசியமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை உங்கள் குறிப்பில் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். செடி எதுவானாலும் அதன் செல்களில் பொட்டாசியம் நிறைய உண்டு. தண்ணீரில் ஊற வைத்தாலோ காய்ச்சினாலோ அதில் பெரும்பகுதி சாற்றுக்கு வந்துவிடும். உலர்ந்த சாற்றின் எடையில் 5 சதவீதம் பொட்டாசியம் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.கி./மி.லி. கரைசலில் அது 2.5 மி.கி./மி.லி., அதாவது சுமார் 64 மில்லிமோலார். தவளை ரிங்கரில் லிட்டருக்கு 0.14 கிராம் பொட்டாசியம் குளோரைடுதான். 2 மில்லிமோலார்கூட வராது. கானுலாவில், அதாவது இதயத்தில் செருகிய சிறு குழாயில், ஊசியால் செலுத்தும் 0.2 மி.லி. கலந்து நீர்க்க நேரமில்லை. கிட்டத்தட்ட அப்படியே இதயத்துக்குள் போகிறது. முப்பது மடங்குக்கு மேல் பொட்டாசியம் பட்டால் எந்த இதயமும் நிற்கும், கழுவியதும் திரும்பும்.

இதைச் சரிபார்க்கச் சாம்பல் சோதனை போதும். ஒரு கிராம் உலர்ந்த சாற்றைப் பீங்கான் மூசையில் இட்டு, மஃபிள் உலையில் 450 முதல் 500 டிகிரியில் வெளிர்சாம்பல் நிறம் வரும்வரை வையுங்கள். நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். கரிமச் சேர்மங்கள் எரிந்துபோகும், உப்பு மிஞ்சும். முன்பு சாற்றைக் கரைத்த அதே கன அளவு நீரில் சாம்பலைக் கரைத்து வடிகட்டுங்கள். கார்பனேட் இருப்பதால் காரமாக இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 7.4க்குக் கொண்டுவாருங்கள். இதையும் 0.2 மி.லி. செலுத்துங்கள். இதயம் அதேபோல் நின்றால் உங்கள் முடிவு உப்பின் முடிவு. ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர் கிடைத்தால் சாற்றின் பொட்டாசியத்தை நேரே அளந்து, அதே செறிவில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் செய்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால் வெறும் ரிங்கர் 0.2 மி.லி. செலுத்திப் பார்த்திருக்க வேண்டும். ஊசி அழுத்தத்தாலேயே சில இதயங்கள் தடுமாறும்.

பிரண்டையில் இன்னொரு சிக்கல் ஆக்சலேட். கையில் அரிப்பது கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். அவை கரையாதவை, நன்றாக வடிகட்டினால் போய்விடும். கரையும் ஆக்சலேட்டும் இருந்தால் அது ரிங்கரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், துடிப்பின் வீச்சு குறையும். கால்சியம் இல்லாமல் தவளை இதயம் சுருங்காது என்பதை 1880களில் சிட்னி ரிங்கர் கண்டதே இப்படித்தான். காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் லண்டன் குழாய்த் தண்ணீரில் செய்த கரைசலில் இதயம் நன்றாகத் துடித்தது. அந்தத் தண்ணீரில் கால்சியம் இருந்தது. சாம்பல் சோதனை இந்தச் சிக்கலைக் காட்டாது, ஏனென்றால் ஆக்சலேட் சூட்டில் சிதைந்துவிடும். வீச்சு குறைந்த நிலையில் சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்துப் பாருங்கள். உடனே மீண்டால் காரணம் தெரிந்துவிட்டது.

இதயம் எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் குறியுங்கள். பொட்டாசியத்தால் நின்றால் தளர்ந்து, விரிந்து நிற்கும். அசிட்டைல்கோலின் போன்ற பொருளாலும் விரிந்தே நிற்கும், ஆனால் முன்கூட்டியே அட்ரோபின் கொடுத்தால் அது தடுக்கப்படும். பொட்டாசியத்தை அட்ரோபின் தடுக்காது. முதலில் வீச்சு கூடி, பிறகு துடிப்பு ஒழுங்கு தவறி, கடைசியில் சுருங்கிய நிலையில் நின்று, கழுவியும் திரும்பாவிட்டால் இதய கிளைகோசைடு (இதயத்தைத் தாக்கும் ஒரு வகைச் செடி நஞ்சு) என்று சந்தேகப்படுங்கள். பிரண்டையில் அப்படி வந்தால் செடி கலந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். செடியின் மாதிரியைக் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல அலுவலகம் போன்ற இடத்தில் அடையாளம் காண வைத்து, சான்றை ஆய்வேட்டில் இணையுங்கள். அரளி, எருக்கு வகையில் வேலை செய்பவர்கள் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, ருசி பார்க்கவே கூடாது. இந்தச் செடிகளில் உள்ள இதய கிளைகோசைடுகள் குடலையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்குபவை. யாழ்ப்பாணத்தில் அலரி விதை தின்று மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு வாந்தியும் வரும், இதயத் துடிப்பும் குலையும்.

இனி குடல். ஒரு நாள் சுருக்கம், மறுநாள் தளர்ச்சி என்பது பல சமயம் குடல் அப்போது இருந்த நிலையைக் காட்டுவது. ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் துண்டு மேலும் தளர முடியாது. இறுகியிருப்பதில் சிறு சுருக்கம் தெரியாது. ஆகவே தளர்ச்சியைத் தனியாகச் சோதியுங்கள். 25 மி.லி. ஆர்கன் பாத்தில் (குடல் துண்டைத் தொங்கவிடும் கரைசல் கலம்) 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு 0.65 மி.லி. விட்டால் ஏறத்தாழ 80 மில்லிமோலார் ஆகும், குடல் சுருங்கி நிலைத்து நிற்கும். அந்த மேட்டின் மேல் சாற்றைப் படிப்படியாகக் கூட்டுங்கள். தளர்ந்தால் கால்சியம் வாயில்களை அடைக்கும் பொருள் இருக்கலாம், அந்த வாயில்களை அடைக்கும் மருந்தான வெராபமிலோடு ஒப்பிடுங்கள். 25 மில்லிமோலார் பொட்டாசியச் சுருக்கத்தை மட்டும் தளர்த்தி, 80ஐத் தொடவில்லை என்றால் பொட்டாசிய வாயில்களைத் திறக்கும் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சுருக்கத்தைச் சாதாரண நிலையில் சோதியுங்கள். 1 மைக்ரோமோலார் அட்ரோபினை 20 நிமிடம் விட்டபின் சுருக்கம் மறைந்தால் அது அசிட்டைல்கோலின் வேலை செய்யும் மஸ்கரினிக் ஏற்பி வழியே வந்தது. ஒரே சாற்றில் இரண்டு குணமும் இருப்பது அபூர்வமல்ல. கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்தில் இஞ்சியில் இரண்டையும் காட்டியிருக்கிறார்கள்: அட்ரோபின் தடுக்கும் சுருக்கம் ஒன்று, கால்சியம் வழியைத் தடுக்கும் தளர்ச்சி மற்றொன்று. உங்கள் பிரண்டையிலும் அப்படி இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல மேற்கண்ட இரு சோதனைகளின் வரைபடங்களும் கையில் வேண்டும்.

குடல் எடுப்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். வெந்நீரில் முக்கி இறகு களையும் கடையைத் தவிர்த்து, தோலோடு உரிக்கும் கடையில் வாங்குங்கள். கோழியின் குருட்டுக்குடல்கள் இரண்டும் இருபுறமும் ஒட்டிக் கிடக்க, அவற்றுக்கு நடுவே ஓடுவதுதான் இலியம். பனிக்கட்டியில் வைத்த டைரோடு கரைசலில் கொண்டுவந்து, உள்ளிருப்பதை அதே கரைசலால் மெதுவாகக் கழுவி, 2 முதல் 3 செ.மீ. துண்டாக வெட்டுங்கள். நூலை ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஊசியால் கோத்துக் கட்டுங்கள். வாயைச் சுருக்குப் போட்டால் உள்பக்கம் கரைசல் போகாது. 37 டிகிரி, துண்டை இழுத்துப் பிடிக்க 0.5 முதல் 1 கிராம் எடை, முதல் முக்கால் மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கழுவல்.

டைரோடு கலக்கும்போது லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 8, பொட்டாசியம் குளோரைடு 0.2, மெக்னீசியம் குளோரைடு 0.1, சோடியம் பைகார்பனேட் 1, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.05, குளுக்கோஸ் 1 கிராம். கால்சியம் குளோரைடு 0.2 கிராமைத் தனியே கரைத்து, மற்றவை முழுதும் கரைந்து நீர்த்தபின் கடைசியில் சேருங்கள். முன்பே சேர்த்தால் கரைசல் பால்போல் கலங்கிக் கால்சியம் அடியில் படிந்துவிடும். அன்றைக்கு அன்று கலப்பதே நல்லது.

சாறு விடுவதற்கு முன் 25 மி.லி. டைரோடில் அதிகபட்ச அளவைக் கலந்து பி.எச். பாருங்கள், 7.2க்குக் கீழே போனால் சாற்றை நடுநிலையாக்குங்கள். சேர்க்கும் கன அளவு 0.5 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். சாற்றைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைப் பயன்படுத்தினால் பாத்தில் 0.1 சதவீதத்துக்குள் நிற்கட்டும், அதை மட்டும் தனியாகவும் ஒரு முறை விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சாற்றளவுக்கும் பிறகு மூன்று முறை கழுவி, தொடக்கத்தில் கொடுத்த அதே அசிட்டைல்கோலின் அளவைத் திரும்பக் கொடுங்கள். சுருக்கம் பழைய உயரத்துக்கு வராவிட்டால் குடல் சேதமாகியிருக்கிறது. டானின் புரதத்தைப் படிய வைத்திருக்கும், அல்லது சபோனின் செல் சவ்வைக் கிழித்திருக்கும். அந்தத் துண்டில் கிடைத்த தளர்ச்சியைக் கணக்கில் எடுக்காதீர்கள். பாலிவினைல் பாலிபைரலிடோன் கொண்டு டானினை நீக்கிய சாற்றோடு திரும்பச் செய்யுங்கள்.

புள்ளியியலில் ஒரே கோழியின் ஆறு துண்டுகள் ஒரு கோழியாகவே எண்ணப்படும். ஆறு கோழி வேண்டும். செறிவைப் பற்றியும் ஆய்வேட்டில் நேர்மையாக எழுதுங்கள். குடித்த சாறு குடலின் உட்புறத்தில் மி.லி.க்கு 1 மி.கி. இருப்பது நடக்கக்கூடியதே. ஆனால் அதே செறிவு இரத்தத்தில் கலந்து இதயத்தை எட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே தவளை இதய முடிவுக்குப் பொட்டாசியத்தைக் கழித்தபின் ஏதாவது மிஞ்சினால்கூட, மிகக் குறைந்த செறிவிலும் அந்த விளைவு தெரிகிறதா என்று பார்த்த பிறகே அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.